வேறு நோய்க்குச் சொன்ன ஜெபம்

எனக்கு வந்தது காசநோய். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இப்போது ஜனவரி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மாத மாத்திரை முடிந்து, சளியை மறுபடி சோதித்து, கிருமி இல்லை என்று டாக்டரம்மா சொல்லும்வரை எனக்கு ஆலயம் இல்லை, அலுவலகம் இல்லை, கல்யாண வீடு சாவு வீடு எதுவும் இல்லை. அதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. சும்மா இருந்து சும்மா இருந்து அலுத்துப்போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். ஆனால் எங்கள் சர்ச் சபையில் என்னைப் பற்றிக் கேட்டால் யாரும் கிளார்க் என்று சொல்லமாட்டார்கள், கொயரில் பேஸ் பாடுகிற தேவராஜ் என்றுதான் சொல்வார்கள். பேஸ் என்பது பாட்டின் அடிக்குரல். தனியாகக் கேட்டால் அதில் ஒரு ராகமும் இருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் மேலே பாடுகிற பெண்பிள்ளைகளின் குரல் அந்தரத்தில் நிற்கும். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பாட்டுக் குழுவில் பேஸ் வரிசையில் நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாக செல்வின் நிற்கிறான். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. பாட்டுத் தாளை இரண்டு பேருக்கு ஒன்று என்றுதான் கொடுப்பார்கள். எங்கள் தாளை அவன் ஒரு நுனியிலும் நான் ஒரு நுனியிலும் பிடித்துக்கொண்டு, தலையோடு தலை வைத்துப் பாடுவோம்.

இருமல் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் கொஞ்சம், படுக்கும்போது கொஞ்சம். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். படுத்தால் வேர்வையில் பனியன் நனையும். நாலைந்து கிலோ குறைந்தேன். அலுவலகத்தில் "மெலிஞ்சு ஆளு சின்னப் பையன் மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அக்டோபரில் கிறிஸ்துமஸ் கீதங்களுக்குப் பயிற்சி தொடங்கியது. மழைக்காலம். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், சாரல் அடித்துக் கீபோர்டு நனைந்துவிடும் என்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, இருபத்திரண்டு பேர் இரண்டு மணி நேரம் பாடுவோம். இரண்டாவது வாரம் கொயர் மாஸ்டர் அண்ணாச்சி பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"லே தேவா, இந்த வருஷம் உன் குரல் நல்லா இறங்குதுடே. கிணத்துக்குள்ளேருந்து வார மாதிரி வருது. என்னலே செஞ்ச?"

நான் ஒன்றும் செய்யவில்லை. தொண்டையும் நெஞ்சும் சளியில் கனத்துக் கிடந்தன, குரல் அதனால் இறங்கியது. இத்தனை வருஷம் எட்டாத ஒரு ஸ்வரம் அந்த மாதம் எனக்கு எட்டியது. டாக்டரிடம் போனால் மருந்து கொடுத்து அந்தக் குரலைக் கெடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். கிறிஸ்துமஸ் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு பாடினேன். கூறுகெட்டதனத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் காலையில் வாஷ்பேசினில் இருமித் துப்பியபோது சிவப்பாக விழுந்தது. என் மனைவி ஜாய்ஸ் பக்கத்தில்தான் நின்றாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, போய் ஆட்டோ பிடித்து வந்தாள். முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, வலப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டி, "நிமோனியாவா இருக்கலாம், எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில காட்டிருங்க" என்றார். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை நாங்கள் இரண்டு பேரும் இறுகப் பிடித்துக்கொண்டோம். ஆட்டோவில் போகும்போதே ஜாய்ஸ் எங்கள் ஐயரம்மாவுக்குப் போன் போட்டாள். போதகரை நாங்கள் ஐயரவாள் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. "அவுகளுக்கு நிமோனியா, ஜெபத்துல வச்சுக்கோங்கம்மா" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டப்பாவில் சளியை வாங்கினார்கள். அதை ஒரு இயந்திரத்தில் வைத்தால் கிருமி இருக்கிறதா, இருந்தால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படுமா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறது. மூன்று மணி நேரம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜாய்ஸ் என் கையைப் பிடித்திருந்தாள். முடிவு வந்தபோது டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைதான், ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். ரத்தம் வந்ததால் சில நாள் வார்டில் இருக்கவேண்டும். "இது காத்துல பரவுற நோய் சார். இருமும்போது, பேசும்போது, பாடும்போது வெளிய வரும்" என்றார். அந்த மூன்றாவது சொல்லை என்னைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார். ஜாய்ஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டில் ஆறு நாள் இருந்தேன். அங்கே ஜன்னலைச் சாத்தவே விடமாட்டார்கள், காற்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மழைச் சாரல் கால்மாட்டில் விழும். திருநெல்வேலியில் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எனக்குப் பல் கிட்டியது. பக்கத்துக் கட்டிலில் பரமசிவம் என்று திசையன்விளைக்காரர், முருங்கைக்காய் மூட்டை ஏற்றுகிறவர். முதல் நாளே என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டார்.

"உமக்கு என்ன வே சீக்கு?"

"நிமோனியா."

"சரிதான். எனக்கும் அதான். அந்தக் கடைசிக் கட்டிலு வரைக்கும் எல்லாவனுக்கும் நிமோனியாதான் வே" என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து திட்டும்வரை நிறுத்தவில்லை. பிறகு அவரே சொன்னார்: "எங்கூர்ல எல்லாத்துக்கும் தெரியும். டீக்கடையில எனக்குன்னு தனி கிளாஸ் வச்சிட்டான். வச்சிட்டுப் போறான். டீயைக் கொறைக்கலல்லா."

அவர் தைரியம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கு என்ன, மகள் கல்யாணம் பேசிக்கொண்டா இருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் மகள் ஷீபாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தோம். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், பொங்கல் கழிந்து நிச்சயம் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜாய்ஸ் போனில் சொன்னாள்: "பேரச் சொல்லி ஜெபிச்சாங்க. தேவராஜ் சகோதரருக்கு வந்த நிமோனியா காய்ச்சல் நீங்கணும்னு. சபையே ஆமென் சொல்லிச்சு." எனக்கு இல்லாத ஒரு வியாதிக்காக முந்நூறு பேர் கண்ணை மூடி ஜெபம் செய்திருந்தார்கள். இனி அதை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்தேன். மாடியறையில் நான், கீழே ஜாய்ஸ். ஜன்னல் கதவெல்லாம் திறந்து கிடக்கும், மூக்கில் முகமூடி. தினமும் காலையில் வெறும் வயிற்றில் நாலு மாத்திரை. குமட்டிக்கொண்டு வரும், படுத்துக்கொள்வேன். சிறுநீர் ஆரஞ்சுச் சாறு நிறத்தில் போகும். மாத்திரையின் சாயம்தான் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் மூச்சு வாங்கும். ஒரு சட்டைக்குப் பொத்தான் போடுவது அவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாடிப்படியில் ஏழாவது படி எங்கள் எல்லை. கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காப்பியை ஜாய்ஸ் அதில் வைத்துவிட்டு, கரண்டியால் டம்ளரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவள் இறங்கிய பிறகு நான் எடுத்துக்கொள்வேன். முட்டையை உரித்து, மிளகு தூவித்தான் வைப்பாள். உரிக்கிற பலம் எனக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்துவிட்டாள். மழை விட்ட நாட்களில் எட்டு மணிக்கு மொட்டைமாடியில் வெயில் வரும். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெயில் நகர நகர நானும் நகர்வேன். மூன்றாவது வாரம் கீழே சாளைக் கருவாடு வறுக்கிற வாசனை வந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக எனக்குப் பசித்தது. படியில் உட்கார்ந்து, "ஜாய்ஸ், அதுல ரெண்டு துண்டு கூடப் போடு" என்று கத்தினேன். நாலு துண்டு வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய ஆறுதல் செல்வின். ஆறு மணிக்குப் பட்டறையை அடைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் முற்றத்தில் பைக்கை நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பேசுவான். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பேன். பயிற்சியில் யார் சுருதி விட்டது, எந்த வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டியாயிற்று, மாஸ்டர் யாரை வைதார், எல்லாம் சொல்வான். நிமோனியா என்றே அவனும் நினைத்திருந்தான். "என்னத்துக்குலே நிமோனியாவுக்கு இவ்வளவு பத்தியம்?" என்று ஒரு தடவை கேட்டான். டாக்டர் சொல்லுதாங்க என்று மழுப்பினேன்.

இதற்கு இடையில்தான் நான் செய்த பெரிய தவறு. வீட்டுக்கு வந்த வாரமே சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஜாய்ஸுக்கு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார். அவளுக்கு ஒன்றும் இல்லை, வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். பிறகு என்னிடம் கேட்டார்: "வேற யாரு கூடயாவது மூடுன ரூம்ல ரொம்ப நேரம் இருந்தீங்களா சார்? சொன்னா அவங்களையும் பாத்திரலாம்." ஜாய்ஸ் கீழே நின்று என் முகத்தைப் பார்த்தாள். சபைக்குத் தெரிந்தால் தூத்துக்குடிக்குத் தெரிய இரண்டு நாள் போதும். "யாரும் இல்லம்மா. ஆபீஸ்ல எனக்குத் தனி மேசை" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இருபத்தொரு பேரோடு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடியவன் சொன்ன பதில் இது.

டிசம்பர் நடுவில் ஒரு சாயங்காலம், தூறல். செல்வின் பைக்கை நிறுத்திவிட்டு இருமினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி. நான் அந்த இருமலைக் கேட்டேன். தொண்டையிலிருந்து வரவில்லை, அடியிலிருந்து வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த சத்தம்.

"எத்தன நாளா இருமுத?"

"அது கெடக்கு, ரெண்டு மூணு வாரமா. பிராக்டிஸ் ஜாஸ்தில்லா." சிரித்தான். "மாஸ்டர் என்ன சொல்லுதாருன்னு தெரியுமா? நீ இல்லாத கொறையே தெரியலயாம். எனக்கு இந்த வருஷம் கீழ நல்லா இறங்குதாம்."

அவனுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. அந்த உடம்பில் இந்தக் கிருமி சீக்கிரம் பிடிக்கும் என்று டாக்டரம்மா வார்டில் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. கீழே அவன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"செல்வின், எனக்கு நிமோனியா இல்லடே. டி.பி."

"என்னது?"

மாடிக்கும் முற்றத்துக்கும் நடுவே ரகசியம் பேச முடியாது. முகமூடியை இறக்கிவிட்டு உரக்கச் சொன்னேன். "எனக்கு டி.பி. நாளைக்கே போயி சளி டெஸ்ட் எடு. நம்ம கொயர்ல எல்லாரும் எடுக்கணும்."

எதிர்வீட்டில் ஸ்டாருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். செல்வின் என்னையே பார்த்தான். "எப்பத்துலருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கே தெரியும் என்றேன். அவன் பைக்கை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜாய்ஸ் படியில் வந்து உட்கார்ந்தாள், ஏழாவது படிக்குக் கீழே. "இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா" என்றாள். "அவன் இருமுதான் ஜாய்ஸ்" என்றேன். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டும் போல இருந்தது, முடியாது. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் டம்ளரில் இரண்டு தட்டு மட்டும் நேரத்துக்கு விழுந்தது. மதுரையில் வங்கியில் வேலை பார்க்கும் ஷீபா போனில் சொன்னதுதான் என்னைக் குத்தியது: "எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா. நான் கேட்டேனா? செல்வின் மாமா சுகர்காரங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஐயரவாளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிறு அதை அப்படியே வாசித்தார்களாம். கொயரில் அத்தனை பேரும் பரிசோதனைக்குப் போனார்கள். இந்த முறை பாட்டுக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கீதம் பாடவில்லை. மாஸ்டர் அண்ணாச்சி போன் போட்டு, "சொல்லியிருக்கலாம்லா தேவா" என்றார். கிறிஸ்துமஸுக்கு ஜாய்ஸ் வழக்கம்போல முந்திரிக்கொத்தும் கைமுறுக்கும் சுட்டுத் தட்டில் வைத்து அக்கம்பக்கம் கொடுத்தனுப்பினாள். மூன்று வீட்டில் இனிப்பு சாப்பிடுவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முறுக்கில் என்ன இனிப்பு என்று ஜாய்ஸ் என்னைக் கேட்டாள். தூத்துக்குடியிலிருந்து இன்றுவரை போன் இல்லை.

இருபத்தொரு பேரில் இருபது பேருக்கு ஒன்றும் இல்லை. செல்வினுக்கு இருந்தது.

யார் யாருக்குக் கொடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வெளியே எங்கேயும் வாங்கியிருக்கலாம் என்று டாக்டரம்மா எனக்குப் போனில் ஆறுதல் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். சுகாதார நிலையத்து அம்மா கேட்ட அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அவனுக்கு மூன்று வாரம் முன்னாலேயே மாத்திரை கிடைத்திருக்கும்.

புத்தாண்டு கழிந்து மூன்றாவது நாள் காலை, நான் வெயிலில் இருந்தேன். படியில் காலடிச் சத்தம். ஜாய்ஸ் ஏழாவது படிக்குமேல் வரமாட்டாளே என்று திரும்பினால், செல்வின். முகமூடி போட்டிருந்தான், மூச்சு இரைத்தது. மொட்டைமாடியில் இன்னொரு நாற்காலியை இழுத்து, கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா சொன்னாங்க, திறந்த வெளின்னா உங்க ரெண்டு பேருக்கும் பரவாயில்லன்னு" என்றான்.

"சரி" என்றேன்.

"உன்மேல கோவம் போகலலே."

"தெரியும்."

"வலது பக்கம் மேல ஒரு குழி விழுந்திருக்காம். ஆறிருமாம். பாடுத மூச்சு பழையபடி வருமா, இப்ப சொல்ல முடியாதாம்." அதைச் சொல்லிவிட்டு வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். லேத்தில் நின்று காய்த்த கைகள் மடியில் சும்மா கிடந்தன. படியில் டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இரண்டு டம்ளர்.

அன்றிலிருந்து தினமும் வருகிறான். பட்டறைக்கு அவனும் இரண்டு மாதம் போகக்கூடாதாம். இரண்டு பேரும் வெயிலோடு நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அதிகம் பேசுவதில்லை. வீட்டில் அடைந்து கிடந்த இத்தனை நாளில் இந்த ஒன்றரை மணி நேரம் போல எனக்கு வேறு எதுவும் வாய்க்கவில்லை. காலையில் கண் விழித்ததும் அவன் வருவான் என்பதுதான் முதல் நினைப்பு. அவன் ஏன் இங்கே வந்து உட்காரவேண்டியதாயிற்று என்பது இரண்டாவது. அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், பதில் சொல்ல மனமில்லாமல் எழுந்து போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.